தவளையின் எட்டாவது லெவல்

ஜூலை 9, புதன்

காலையிலிருந்து சாரல், கூடவே காற்று. முற்றத்தில் பந்தல் போட வந்தவர்கள் இரண்டு தடவை கயிறு கட்டி, இரண்டு தடவை அவிழ்த்தார்கள்.

சனிக்கிழமை அப்பாவுக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம், ஊர்ச் சாப்பாடு. வாங்க வேண்டியது:

வாழையிலை 200 (தாணு 150 போதும் என்கிறான். போதாது.)
நேந்திரங்காய், சேனை
பாயசத்துக்கு அடை, வெல்லம்
பப்படம்
அம்மாவுக்கு பி.பி. மாத்திரை
சிவப்பு மைப் பேனா. ஒன்பதாம் வகுப்பு கணக்குப் பேப்பர் அப்படியே கிடக்கிறது.

சாவுத் துட்டி கேட்க வந்த மாமி ஒருத்தி அடுக்களை வாசலில் வைத்து இன்னொருத்தியிடம்: “மூத்தவ கல்லு மாதிரி நிக்கா பாரு.” காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது எல்லாம். தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

தம்பி தாணு தோஹாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இன்றுதான் முழுதாகத் திறந்தான். அம்மாவுக்குத் தைலம், எனக்கு ஒரு கைப்பை, அடியில் டிவி கேம். எங்கள் பழைய தவளைக் கேம்! ஆண்டு நிறைவுக்கென்று, இத்தனை வருஷத்தில் வந்த தவளை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு விட்டிருக்கிறார்களாம்.

“எதுக்குலே இது இப்போ?”

“சும்மா பாத்தேன், வாங்கினேன்.”

ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. காற்று மட்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா கண்ணயர்ந்ததும் தாணு டிவியில் மாட்டினான். பெரியவர்கள் செய்யும் காரியமா என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டேன்.

தவளை வீட்டுக்கு வந்த கதை. நான் எட்டாம் வகுப்பு, தாணு நாலாம் வகுப்பு. அப்பா குளச்சலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர் பாரின் சாமான் கடையில் டிவி கேம் வாங்கி வந்தார். கேசட் மேல் மோட்டார் சைக்கிள் படம். போட்டால் தவளை. குடை பிடித்த இரண்டு தவளைகள், பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாறைக்குப் பாறை குதிக்கும். அப்பாவுக்கு ஆத்திரம். ஏமாற்றிவிட்டான், திருப்பிக் கொடுக்கிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டார். தாணு கேசட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டான்.

அதில் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. கரண்ட் போனால் முதலிலிருந்து. ஊரில் அப்போது தினமும் ஏழு மணிக்குக் கரண்ட் போகும். அப்பா கரண்டாபீசுக்கே போய், “பிள்ளைங்க ஏழாவது லெவல்ல நிக்குது, இன்னைக்கு ஒரு அரை மணிக்கூறு பொறுங்கோ” என்று கேட்டிருக்கிறார். அப்பா கூட்டுறவு சொசைட்டி கிளார்க், மரியாதையான மனுஷன். லைன்மேன் சிரித்துக்கொண்டே பொறுத்தாராம்.

அன்றைக்கு ஏழாவது முடிந்தது. அடுத்து முதல் லெவலே திரும்ப வந்தது. அப்போ ஜெயித்தாச்சு என்று கூத்தாடினோம். அப்பா ரசவடை வாங்கி நாலு வீட்டுக்குக் கொடுத்தார். மறுநாள் நடவுக்கு வந்தவர்களிடமும் சொன்னார்.

இன்று புதுப் பதிப்பில் பட்டியல் பார்த்தால், பழைய தவளைக்கு எட்டு லெவல். குளச்சல் கேசட் திருட்டுப் பிரதி. கடைசியை எவனோ வெட்டிவிட்டிருக்கிறான்.

“அப்போ நாம ஜெயிக்கவே இல்லியாக்கா?” தாணு. முப்பத்தேழு வயசு ஆள், முகம் தொங்கிப்போயிற்று.

“அப்பாட்டச் சொல்லணும்” என்றேன். சொல்லிவிட்டு எழுந்து தேங்காய் துருவப் போனேன்.

ஜூலை 11, வெள்ளி

சாரல். கடைச் சாமான் எல்லாம் வந்தாச்சு. பப்படம் மட்டும் நனைந்தது.

மூன்று மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். ஒரு பொத்தானை அமுக்கினால் படம் பழையபடி கட்டம் கட்டமாக மாறுகிறது. பழையதிலேயே ஆடினோம். முதல் ஏழு லெவலும் ஏற்கெனவே முடித்ததாகக் காட்டுகிறது. கேட்டால், “அங்க வச்சு கொஞ்சம் ஆடினேன்” என்றான். எட்டாவதைத் தொடவில்லையாம். எதற்கு எட்டாவதை மட்டும் விட்டான் என்று கேட்கவில்லை.

எட்டாவது முழுக்கத் தண்ணீர். பாறைகள் மூழ்கிக்கொண்டே இருக்கின்றன. தாணு விழுந்தான். “சவம், திரும்பியும் போயிட்டு!” அவன் வாயில் வந்துவிட்டது. தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தைதான். இரண்டு பேரும் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்க்காமல் இருந்தோம். பிறகு அவன் குரல் தாழ்ந்தே இருந்தது.

இந்தக் கேமில் ஒரு கிறுக்கு உண்டு. முன்னால் போகிற தவளையோடு திரை நகர்ந்துவிடும். பின்னால் நிற்பது காலி.

“நில்லுக்கா. விட்டுட்டுப் போறியே.”

அதற்குப் பிறகு என்னால் ஆட முடியவில்லை. கரண்ட்டும் போயிற்று. நல்லதாயிற்று.

ஜூலை 12, சனி

அடியந்திரம் முடிந்தது. இலை 200ம் காலி. பாயசம் நன்றாக இருந்தது என்றார்கள். நான் ருசி பார்க்கவில்லை.

பந்தியில் ஒருவர்: “மகன் வார வரைக்கும் உயிரு நிக்காம போச்சே. ஒரு நாளு.” தாணு இலைக்கு முன்னால் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அந்த ஒரு நாளை இங்கே எழுதிவிடுகிறேன். வேறெங்கும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள், வெள்ளி, டாக்டர் சொன்னது: “இனி திரும்ப மாட்டார். ஆனா மெஷின்ல ஒரு நாள், ரெண்டு நாள் தாங்கும். மகன் வாறாருன்னா நிக்கலாம்.” தாணுவுக்கு டிக்கெட் அன்று ராத்திரிக்கு. விடியற்காலை திருவனந்தபுரத்தில் இறங்கியிருப்பான். எனக்குத் தெரியும். அப்பா முதல் இரண்டு நாளும் குழாயைப் பிடுங்கப் பார்த்தார் என்று கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு தடித்துப்போயிருந்தது. பிடுங்க முடியாத நிலைக்குப் போன பிறகும் அவிழ்க்கவில்லை. “நிக்கண்டாம், வீட்டுக்குக் கொண்டு போறோம்” என்றேன். கையெழுத்துப் போட்டேன். வீட்டில் குழாயை எடுத்தார்கள். நாலு மணிக்குப் போய்விட்டார். மறுநாள் தாணு வந்து ஐஸ் பெட்டியில்தான் பார்த்தான், கொள்ளி வைத்தான்.

அவனிடம் சொன்னது: டாக்டரே அனுப்பிட்டாரு, நேரமில்லேன்னுட்டாரு.

ஜூலை 13, ஞாயிறு

பந்தல் பிரித்தார்கள். அம்மா அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனாள், சாயங்காலம்தான் வருவாள். பேப்பர் ஒன்பது திருத்தினேன்.

எட்டாவதில் பாதி தாண்டியாயிற்று. அவன் செவ்வாய் கிளம்புகிறான்.

ஜூலை 14, திங்கள்

வெயில். இத்தனை நாளில் முதல் வெயில்.

மூன்றரைக்கு எட்டாவது முடிந்தது. கடைசிப் பாறையில் இரண்டு தவளையும் குடையை மடக்கின. பலூன், வாணம், நன்றி. அவ்வளவுதான். தாணு சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

சொன்னேன். டாக்டர் சொன்னது, கை கட்டியிருந்தது, கையெழுத்து, எல்லாம். “உனக்காக நின்னிருக்கலாம் மக்கா. நான் நிக்கல்ல. எனக்குப் பாக்க முடியல்ல.”

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“தெரியும்” என்றான்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல்ல. நீ செய்வேன்னு தெரியும்.” பிறகு: “எனக்கு லீவு செவ்வாக்கிழமையே கெடச்சிட்டுக்கா.”

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த திங்களன்றே அவனுக்குப் போன் செய்திருந்தேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், லீவு கிடைக்கவில்லை, மேலாளர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் நம்பி அம்மாவையும் தேற்றிக்கொண்டிருந்தேன்.

“ரூம்ல இருந்து இதத்தான் ஆடினேன். ஏழு வரைக்கும். வந்தா எங்கிட்டதான் கேப்பாங்க, கொழாய எடுக்கவா வேண்டாமான்னு. ஆம்பளப் பிள்ளையில்லா. எனக்குச் சொல்ல முடியாதுக்கா. நீ சொல்லிருவே. அதான் பிந்தினேன்.”

கையில் இருந்த கண்ட்ரோலரை எறிந்தேன். யோசிக்கவில்லை. புருவத்துக்கு மேல் பட்டது. அவன் விலகவில்லை.

ஆத்திரம். அப்பா போனதற்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அந்த அறையில் அப்பாவின் கட்டிப்போட்ட கைகளுக்கு முன்னால் நான் தனியாக நின்றேன், இவன் அங்கே தவளையைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தான். இதையும் அவனிடம் சொன்னேன், கெட்ட வார்த்தை சேர்த்து. ஆமா என்றான். ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றான்.

ஜூலை 15, செவ்வாய்

மூட்டம். காலை ஆறு மணிக்குத் தாணு கிளம்பினான். வாசலுக்குப் போகவில்லை. அடுக்களையில் நின்றேன். கார் சத்தம் போன பிறகு அம்மா வந்து, “ஏட்டி, தம்பிக்கு நெத்தியில என்ன வீக்கம்?” என்றாள்.

“நாந்தான் எறிஞ்சேன்.”

“பிள்ளையளா நீங்க?” திட்டிக்கொண்டே போய்ப் படுத்தாள்.

பேப்பர் ஆறு. ஒரே கணக்கை மூன்று தடவை திருத்தினேன்.

ஒன்பதரைக்கு ஏர்போர்ட்டிலிருந்து போன். எடுக்கவில்லை. பத்துக்கு மறுபடி. எடுத்தேன். அழுகிறான், மூக்கு உறிஞ்சுகிற சத்தம், பின்னால் விமானம் அறிவிக்கிற பெண் குரல். எனக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

“பிளைட்டுல ஏறக் கூப்பிட்டாச்சுக்கா. போன கட் பண்ணட்டா?”

“பண்ணண்டாம். கெடக்கட்டு” என்றேன்.