அறுபதாம் கல்யாண ரவிக்கை

ஐப்பசி 4, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. பட்டு ஈரம் வாங்கி ஊசியில் ஒட்டுகிறது. கை மயில் இரண்டும் முடிந்தது. முதுகுக் கழுத்து பாக்கி.
ஓரகத்தி சாந்தா வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் கொழுந்தனுக்கும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கொழுந்தன் என் வீட்டுக்காரரோடு இரட்டையாகப் பிறந்தவர். இவருக்குத் தலை திவசம் முடியட்டும் என்று காத்திருந்தார்களாம். நாலு தடவை சொல்லியாயிற்று.
இவருக்கு அறுபது முடிய இரண்டு மாதம் இருந்தது. இரண்டே மாதம்.

ஐப்பசி 6, வியாழன்
வாங்கணும்: தே. எண்ணெய், ஊசி, தேன் நிற மணி.
நீடாமங்கலம் போனேன். மணி இல்லை. மஞ்சளைக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர்.
சாந்தாவிடம் சொன்னேன். "உங்க அறுபதுக்குன்னு பெரிய அத்தான் பொறுக்கி வச்ச மணி இருக்குமேக்கா. அது சும்மாதான கெடக்கு."
சும்மாதான் கிடக்கிறது, தைல டப்பாவில். நியூஸ் பார்த்துக்கொண்டே தாம்பாளத்தில் கொட்டி, உடைசல், கோணல் எல்லாம் தள்ளி, ஒரே அளவாக இவர் பொறுக்கினது.
சரி என்றுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு
தூறல். வாய்க்கால் முட்ட ஓடுகிறது. டப்பா காலி. இவர் மணி முழுக்க அவள் முதுகில்.
ரவிக்கை வாங்கிப் போகக் கொழுந்தன் வண்டியில் அவளைக் கூட்டி வந்தார். சேறு படாமல் படியை ஒட்டி நிறுத்துகிறார். பின்னால் நின்று பார்த்தால் அச்சாக இவர் பிடரி. வயிறு எரிந்தது.
கடைசி வரிசைக்கு முடிச்சுப் போடவில்லை. மறதி இல்லை. ஆரித் தையல் சங்கிலி மாதிரி. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு, வரிசை மொத்தமும் கொட்டிவிடும். நுனியை உள்ளே செருகிக் கொடுத்தேன்.

ஐப்பசி 11, செவ்வாய்
காஸ் வந்தது. போனில் சாந்தா: "போட்டுப் பாத்தேன்க்கா. முதுகையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு, வெக்கங்கெட்ட மனுசன்." ஒரே சிரிப்பு.
கொட்டட்டும். நாலு பேர் முன்னால் கொட்டட்டும்.

ஐப்பசி 14, வெள்ளி
திருக்கடையூர் போய் வந்தாயிற்று. வேன். அவளுக்கென்று மழையும் நின்றது.
மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். கலசத் தண்ணீர் ஊற்றி முடிந்து, புடவை மாற்றப் போனவள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். முதுகில் நாடா கட்டணும். அவள் கூடப்பிறந்தவள் முணுமுணுத்தாள், சுமங்கலி யாராவது கட்டக்கூடாதா என்று.
சாந்தா திரும்பவே இல்லை. "தச்சதே அவங்கதான். அவங்களே கட்டட்டும்."
முதுகைக் காட்டி நின்றாள். நுனி வெளியே வந்திருந்தது. பிடித்தேன்.
கீழே ஈரத் தரை. வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதிப்பார்கள். ஒவ்வொன்றாக இவர் விரலால் பொறுக்கினது.
பையில் ஊசி இருந்தது. இரண்டு முடிச்சு. நூலைப் பல்லால் கடித்தேன்.
"என்னக்கா?"
"ஒண்ணுமில்ல. நூலு."
திரும்பும்போது முன் சீட்டில் கொழுந்தன் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் பின்னால். ஊர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மணி உதிரவில்லை.