கண்ணோரக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று டிப்போவே சிரித்தது, என்னைப் பார்த்து. சவரம் செய்த எரிச்சலுக்கு ஏதாவது பூசலாமென்று குளியலறை அலமாரியில் கிடந்த வெள்ளை டியூப்பை எடுத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டேன். பஸ்ஸை எடுத்து வெயில் ஏறியதும் முகம் திகுதிகுவென்று எரிந்து சிவந்தது. "யாருண்ணே அறைஞ்சது, அண்ணியா?" என்றான் கண்டக்டர். அவ கை இவ்வளவு பெரிசு இல்லடா என்றேன்.

டியூப் மகளுடையதாம். வீட்டில் கதையைச் சொன்னதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் முகத்தை அசைக்காமல் டியூப்பை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பதின்மூன்று வயதாகிறது, அப்பாவிடம் சிரிப்புச் சரக்கு தீர்ந்துவிட்டது போல.

மார்ச் 5, வியாழன்

மூக்குக்கண்ணாடி போட்டு அந்த டியூப்பைப் படித்தேன். முகச் சுருக்கத்துக்காம், நாற்பது தாண்டியவர்களுக்காம். அப்படியானால் நான் பூசியதுதானே சரி? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்கள், விடுங்கள் என்றாள் மனைவி. விட்டேன்.

மார்ச் 9, திங்கள்

தோல் உரிகிறது. எனக்கில்லை, அவளுக்கு.

மார்ச் 14, சனி

பள்ளி மைதானத்திலிருந்து கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். எடுத்துப் பார்த்தால் கன்னம் இரண்டும் வீங்கி, ஒரு பக்கம் கொப்புளம். அப்படியே தோல் டாக்டரிடம் ஓடினோம்.

"சின்னப் பிள்ளைத் தோல் தானாவே புதுசாயிட்டுத்தான் இருக்கும். இந்த க்ரீம் அதைப் போட்டு உரிச்சுடுது. அப்புறம் வெயில் பட்டா வெந்துடும்" என்றார் டாக்டரம்மா. சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை வந்து, பிறகு சோப்புகூடச் சேராமல் போகிறதாம். தழும்பு விழுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

இந்த வயதில் இது எதற்கு என்று மகளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் எனக்கு அப்பா மூஞ்சின்னு சொல்றாங்க."

டாக்டரும் என்னைப் பார்த்தார். ஜன்னல் வெயிலில் காய்ந்து கசங்கிய டிக்கெட் மாதிரி ஆன என் கன்னம். நானேதான் தினமும் அதைக் காட்டி, உனக்கும் வரும் பார், வாரிசுச் சொத்து என்று சிரிப்பேன்.

"சிரிச்சா கோடு விழும்னு வீடியோல சொன்னாங்க. அதான் சிரிக்கிறதில்ல" என்றாள்.

சரக்கு தீரவில்லை. பிள்ளை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 17, செவ்வாய்

ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. காய்ச்சலா என்று கண்டக்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

மருந்து தடவும்போது மகள் கேட்டாள்: "உங்களுக்கே எரிஞ்சுதுல்ல, ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

சொன்னேனேம்மா என்றேன்.

"ஜோக்காத்தானே சொன்னீங்க."

மார்ச் 29, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு திட்டு. மங்க மாதக்கணக்கில் ஆகலாமாம், முழுக்கப் போகுமா என்பதற்கு மறுபடியும் அதே 'பார்க்கலாம்'. கண்ணாடி பக்கமே போக மாட்டேன் என்கிறாள். டியூப்பைக் குப்பையில் போட்டது அவளேதான்.

ஏப்ரல் 20, திங்கள்

பள்ளி விட்டதும் என் பஸ்ஸிலேயே ஏறினாள். தொப்பி போட்டு, வெயில் படாத பக்கமாக உட்கார்ந்தாள். திட்டு அப்படியேதான் இருக்கிறது. கண்டக்டர் பழைய கதையை எடுத்தான். "உங்கப்பா அன்னிக்கு வந்த சிவப்புக்கு, சிக்னல்னு நினைச்சு எதுத்தாப்ல வந்த பஸ்ஸே நின்னுடுச்சும்மா."

முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு முடியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். கண்ணோரத்தில் ஒரு கோடு, எனக்கு விழுகிற அதே இடத்தில்.

அப்படியே அப்பா மூஞ்சி — வாய் வரைக்கும் வந்தது. கியரை மாற்றினேன்.