சிவப்புப் புள்ளி வரைக்கும்

ஈயம் உருகும் வாசனை இன்று காலை சமையலறை வரைக்கும் வந்தது. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். நீங்கள்தான் முன்னறையில் உட்கார்ந்து எதையோ பற்றவைக்கிறீர்கள் என்று ஒரு கணம் நம்பியே விட்டேன். "ஜன்னலத் தெறந்து வச்சிக்கினு பண்ணுங்களேன்" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் நம் மகள்.

நீங்கள் போனபின் யாரும் தொடாத உங்கள் கிட்டார் ஆம்ப்ளிஃபையரைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைத் திறந்து வைத்திருந்தாள். லீவுக்கு வந்தவள் நேற்று அதைப் போட்டுப் பார்த்தாள். வால்யூமைத் தொட்டதும் கரகரவென்று ஒரே இரைச்சல். "கண்ட்ரோல் தேஞ்சு போயிடுச்சும்மா, மாத்திட்டா சரியாயிடும்" என்று காஞ்சிபுரம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டாள். உங்கள் பெண்தான், சந்தேகமே இல்லை.

"இன்னாம்மா இது, வயருக்கெல்லாம் பட்டு நூல் கட்டி கீது?"

சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். நெசவு வீட்டுப் பிள்ளை அல்லவா நீங்கள், கண்ட்ரோலின் மூன்று கால்களுக்கும் போகிற வயர்கள் குழம்பாமல் இருக்கத் தறியடியில் கிடந்த நூலைக் கட்டி வைத்தீர்கள். "மாத்திப் போட்டா ஏத்தறப்ப எறங்கும், எறக்கறப்ப ஏறும்" என்றீர்கள். அதையெல்லாம் நான் சொல்வதற்குள் அவள் பெட்டியின் முகப்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

"இந்தச் செவப்புப் புள்ளி இன்னா? சொரண்டிடவா?"

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த துணி விழுந்தது. "அது நீ தூங்குன அளவுடி" என்றேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்த்தாள். அவளுக்குப் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலில் உங்களோடு ஒருமுறை பேசிக்கொள்கிறேன்.

உத்திரமேரூரில் நாம் குடியிருந்த அந்த ஒற்றை அறை வீடு நினைவிருக்கிறதா? மதியத்தோடு அரிசி மில் வேலை முடிந்து வருவீர்கள். திருவிழாக் காலத்தில் சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவோடு வேனில் ஏறிவிடுவீர்கள். சாதகம் பண்ண உங்களுக்கு வாய்த்தது பிற்பகல் மட்டும்தான். குழந்தை தூங்குவதும் அதே பிற்பகல்தான், அதே அறைதான்.

நம் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல அழுதாளா? திடுக்கிட்டு எழுந்தால் வாயைத் திறந்தபடியே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். சத்தம் வராது. உதடு நீலமாகிவிடும். முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகைத் தட்டி, அந்த மூச்சு திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். வளர வளரச் சரியாகிவிடும், அதுவரைக்கும் திடுக்கிட விடாதீர்கள் என்றார் டாக்டர். கழனி மோட்டார் கொட்டகையில் போய் வாசியுங்களேன் என்றேன். அங்கே கரண்ட் வருவதே அபூர்வம், வந்தால் மோட்டாருக்கே போதாது என்றீர்கள்.

அப்போதுதான் அந்தப் புள்ளி வந்தது. அவள் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நீங்கள் வாசித்தபடியே வால்யூமை இழை இழையாக ஏற்றினீர்கள். ஓர் இடத்தில் அவள் இமை துடித்தது. அந்த இடத்துக்கு ஒரு துளி முன்னால், என் கல்யாணப் பெட்டியிலிருந்த நகப் பாலிஷை எடுத்து முகப்பில் ஒரு பொட்டு வைத்தேன்.

"இதுக்கு மேல திருப்புனீங்க, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

"ஒங்க ஊரு பெருநகருக்குத்தான? நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்று சிரித்தீர்கள். ஆனால் ஒருநாளும் அந்தப் பொட்டைத் தாண்டவில்லை.

பிறகு வால்யூம் கண்ட்ரோல் கரகரக்க ஆரம்பித்தது. தையல் மெஷின் எண்ணெயை விட்டீர்கள். தறிக்கு எண்ணெய் விட்டால் ஓடும், இதற்கு மட்டும் ஓடாதா என்று ஒரு நம்பிக்கை! கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் எண்ணெயில் தூசு ஒட்டி முன்னைவிட மோசமானது. கடைசியில் மெட்ராஸ் போய்ப் புதியது வாங்கிவந்து மாட்டினீர்கள். வழக்கம்போலப் பொட்டுக்கு நேராகக் குமிழைத் திருப்பி ஒரு தந்தியைத் தட்டினீர்கள்.

வீடே அதிர்ந்தது. குழந்தை எழுந்தாள். வாய் திறந்தது, மூச்சு வரவில்லை. அன்றைக்கு அது திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வந்ததும் அவள் வீறிட்டாள், நானும்தான். நீங்கள் கழுத்தில் கிட்டாரோடு சுவரில் சாய்ந்து நின்றீர்கள். பிறகு அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டீர்கள்.

"வேணாம்மா. கொயந்ததான் முக்கியம். ட்ரூப்புல நாளிக்கி சொல்லிடறேன்."

நான் பயந்துபோயிருந்தேன். ஆனால் அன்று நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் இடது கை விரல்கள் தட்டின் விளிம்பில் தானாக ஓடிக்கொண்டிருந்தன. இந்த மனுஷனிடமிருந்து கிட்டாரைப் பிடுங்கிவிட்டு நான் யாரோடு குடும்பம் நடத்துவது?

மறுநாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, நானே குமிழைத் திருப்பிப் பார்த்தேன். "கோளாறு ஒங்க கையில இல்லீங்க. இது கொஞ்சம் திருப்பறதுக்குள்ளியே முழுசா கத்திடுது. அப்புறம் சுத்துனா ஒண்ணும் பெருசா ஏறல. பழசு இப்டி இல்லியே" என்றேன்.

நீங்கள் அளவு பார்க்கும் மீட்டரை எடுத்தீர்கள். பழையதைப் பிரித்துக் காட்டினீர்கள். உள்ளே லாடம் போல வளைந்த ஒரு கரித் தடம், அதன்மேல் ஊர்ந்து போகும் பித்தளை நாக்கு. கரி தேய்ந்த இடத்தில் நாக்கு குதிப்பதுதான் கரகரப்பு. முழுதாகத் திருப்பினால் பழையதும் புதியதும் மீட்டரில் ஒரே அளவுதான் காட்டின. பாதியில் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்பட்டது. புதியது பாதி அளவை எட்டியிருந்தது. பழையது அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது.

"புச்சு சமமா ஏறுது. பழசு மொதல்ல மெள்ள ஏறி, கடைசில ஓடுது. காதுக்கு அப்டி ஏறுனாதான் சரி. கடையில அளவ மட்டும் சொன்னேன், ரகத்தச் சொல்லல" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

"குழம்புல மொத கல்லு உப்பு நாக்குல தெரியும். கரிச்சுப் போனப்புறம் இன்னொரு கல்லு போட்டா தெரியுமா?"

"அதேதான்!" என்று துள்ளினீர்கள். அப்புறம் உங்கள் கண் என் ரேடியோவின் மேல் போய் நின்றது. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரிந்து நானே கேட்டேன்.

"அதுலயும் வால்யூமுக்கு இந்த ரகம்தான இருக்கும்?"

"ஒங்கப்பா குடுத்ததும்மா."

"எனக்குத்தான குடுத்தாரு? கழட்டுங்க."

அதே அளவுதான் என்று மீட்டர் சொன்னது. ரேடியோவின் கண்ட்ரோல் ஆம்ப்ளிஃபையருக்குப் போனது, புதியது ரேடியோவுக்கு வந்தது. அன்றுமுதல் என் ரேடியோ ஒன்று ஊமை, இல்லாவிட்டால் தெருச்சண்டை. விவசாய நிகழ்ச்சியில் உரம் போடுவதைப் பற்றிச் சொன்னால்கூட வம்புக்கு இழுப்பது போலத்தான் இருக்கும். நான் அதைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

ரேடியோவிலிருந்து வந்ததால் அந்தக் கண்ட்ரோலில் ஒரு சுவிட்சும் இருந்தது. உங்கள் பெட்டியில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் திருப்பத் தொடங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் போடும். அன்று பிற்பகல் அந்த "டக்" கேட்டது. குழந்தையின் நெஞ்சின்மேல் என் கை. நீங்கள் மெதுவாகப் பொட்டு வரைக்கும் வந்து, ஒரு தந்தியைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அவள் மூச்சு சீராக ஏறி இறங்கியது. நான் தலையசைத்தேன். நீங்கள் கிட்டாரைக் குனிந்து பார்ப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டு வாசித்தீர்கள். அழுதீர்கள், எனக்குத் தெரியாதா என்ன.

பெருநகர்த் திருவிழாவில் உங்கள் வாசிப்பு ஒலிபெருக்கி வழியாக அம்மா வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்தது. "மாப்ள பிச்சி ஒதர்றாரு" என்று எல்லோரும் பூரித்தார்கள். எனக்கோ யாரோ வேற்றாள் வாசிப்பது போலவே இருந்தது. என் ஆள் வாசித்தால் அறையைத் தாண்டாது.

இன்று நம் மகள் வேலையை முடித்துப் புதிய குமிழைத் திருப்பினாள். கரகரப்பு இல்லை. சரியான ரகமாகவே கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆனால் "டக்" இல்லை. முழுச் சத்தத்தில் வைத்து ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, "சூப்பரா கீதுல்ல?" என்றாள். "பொட்டுக்குக் கொண்டா" என்றேன். கொண்டுவந்து கட்டைவிரலால் இன்னொருமுறை தட்டினாள். அதுதான். அதேதான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பழைய கண்ட்ரோலை அவள் குப்பையில் போடுவதற்குள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டு அவள் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். இந்த வயதிலும் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, மெல்லத் திருப்பினேன். டக்.

அவள் அசையவில்லை. நான் நீங்கள் உட்காரும் மூலையைப் பார்த்துத் தலையசைத்தேன். தூங்கிட்டா, வாசிங்க.