அன்னப் பறவை மிதந்து போன மத்தியானம்

மகன் ஸ்திராத்தோஸுக்கு,

நீயும் மாலினும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்கு மேல் சுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒலிவம் பழம் இந்த வருஷம் பாதிதான், காய்த்ததிலும் பூச்சி. நீ போன் செய்யும்போதெல்லாம் உன் அம்மா என் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் உன் தங்கை அசிமினாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், தெரியுமா? ஒரே மேசையில் உட்கார்ந்து கொண்டு, உப்பை நகர்த்தச் சொல்வதற்குக் கூட என் முகத்தைத்தான் பார்க்கிறாள். பேத்தியைக் கடலுக்குக் கொடுக்கப் பார்த்தவள் என்று நினைக்கிறாள். நீ சொன்னதை நம்பினாள், அவ்வளவுதான்.

ஆனால் நான் பார்த்தேன் மகனே. கோடை விடுமுறைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, மாதா திருநாளுக்கு மறுநாள் மத்தியானம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், நான் மேலே கரையில் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். பெரியவன் நில்ஸுக்குக் காது வலி என்று மாலின் அவனைக் கூட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சின்னவள் ஏலினை உன்னிடம் விட்டுப் போனாள், உன் தங்கையிடம் இல்லை. நீ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். நம் கரையில் வடகாற்று எழுந்தால் மிதக்கிறதையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா, நீ இந்தத் தண்ணீரில் வளர்ந்தவன். பிள்ளைகள் ஏறி மிதக்கும் அந்தக் காற்றடைத்த ரப்பர் அன்னப் பறவை பாறையைத் தாண்டிப் போய்விட்டது, அதன் மேல் நாலு வயதுக் குழந்தை. நான் கத்தினேன். காற்று என் குரலையும் கொண்டுபோய்விட்டது. இடுப்பு ஆபரேஷன் ஆன காலை இழுத்துக்கொண்டு பாதி தூரம்தான் இறங்கினேன். உனக்கென்று பொரித்த சுரைக்காய் எடுத்துக்கொண்டு அசிமினா வந்தாள், பாத்திரத்தை மணலில் போட்டுவிட்டுச் செருப்போடு பாய்ந்தாள். அவள் போய்ப் பிடித்தபோது குழந்தை அழக்கூட இல்லையாம், “அத்தை, அன்னம் ரொம்ப வேகமா போச்சு”ன்னு அரைகுறைக் கிரேக்கத்தில் சொன்னதாம்.

நானும் ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறும் நேரத்திலா மாலின் வந்து நிற்க வேண்டும்? என்ன நடந்தது என்று அவள் கேட்டதும் உன் வாயிலிருந்து வந்ததே, “நான் தங்கச்சிகிட்ட விட்டுட்டு ஒரு நிமிஷம்தான் போனேன்”ன்னு, அதை என் காதால் கேட்டேன். மாலின் என் மகளைப் பார்த்து, “உன்ன நம்பி விட்டதுக்கு நல்லா பாத்துக்கிட்ட, இனிமே என் பிள்ளைங்க பக்கமே வராத”ன்னு கத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், பெற்றவள். அசிமினா நனைந்த துணியோடு உன்னைப் பார்த்தாள். நீ துண்டை மடித்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கப் போனேன், அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள். மாலின் அந்தப் பக்கம் போனதும், “வேணாம்பா, போன குளிர்காலம் அண்ணன் ஏலினைக் கடையில மறந்துட்டு வந்ததுக்கே மாலின் பெட்டியைக் கட்டிட்டா, இது தெரிஞ்சா அண்ணன் குடும்பம் நிக்காது”ன்னு சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அண்ணன் குடும்பம் நிற்கிறது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது கேட்டாயா? விடுதியில் சுற்றுலாக்காரர்களின் பிள்ளைகளைக் கடற்கரையில் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது என்று உனக்குத் தெரியும். பேச்சு அங்கேயும் போய்விட்டது. அடுத்த கோடைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டான். காப்பிக் கடையில் தலீனோஸ் என் முகத்துக்கு நேராக, “என்ன மான்த்தோ, உன் மக புள்ள பாக்குறாளா, மீனுக்கு இரை போடுறாளா?”ன்னு கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தேன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் இப்போது மித்திலினி டவுனில் வேறு வேலை தேடுகிறாள், குழந்தைகள் இல்லாத வேலையாக.

நேற்று அவளிடம் சொன்னேன், என் சத்தியத்தை நீயே வைத்துக்கொள், நான் எழுதப் போகிறேன் என்று. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் நீ முதலில் மாலினிடம் சொல், பிறகு உன் அம்மாவிடம். விடுதி முதலாளியிடமும் நீயே பேசு. கிறிஸ்துமஸுக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

ஏலினுக்கு அங்கே நீச்சல் கற்றுக்கொடு, மறந்துவிடாதே, நீ பக்கத்தில் நில், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நில்ஸின் காதில் குளிர்காற்று படாமல் தொப்பி போடு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மாலினுக்கும் மாதாவின் துணை எப்போதும் இருக்கட்டும். உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, அதை உன் தங்கையிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்.

உன் அப்பா,
மான்த்தோஸ்