வேப்பிலை கட்டிய புழுத்தொட்டி

டில்லி,
29.7.2007

அன்புள்ள சுஜாதா கண்ணுக்கு, பாப்பம்மா ஆயா எழுதுவது.

பேரன் மதன் பன்னிரண்டாவது பாஸ். நம் சந்திலேயே அவன்தான் முதல் ஆள். சிந்து புசா ரோடு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் கப் வாங்கினாள். அதில்தான் தண்ணீர் குடிப்பேன் என்கிறாள். சின்னவன் சுரேஷ்குமாருக்கு இந்தியில் தொண்ணூறு. தமிழில் எவ்வளவு என்று மட்டும் கேட்காதே. அஞ்சாவதோடு நின்றவள் வீட்டில் இதுபோதாதா!

நல்ல சேதி முடிந்தது. இனித் திட்டு.

நீ இங்கே வந்து தொட்டி வைத்துப் பழக்கிய பிறகு சந்து மூலையில் குப்பைமேடே இல்லை. எச்சிலையும் காய்த்தோலையும் புழு தின்றது. புழுவை இஸ்மாயில் பாயின் கோழிகள் தின்றன. அந்த நன்றிக்கு, ஆடி வெள்ளி அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது தொட்டிக்கும் மரியாதை செய்தோம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, உள்ளேயும் வெளியேயும் வேப்பிலை செருகி, சாம்பிராணி போட்டோம். மறுநாளே பாதிப் புழு சுவரேறி ஓடிவிட்டது. மீதி செத்து நாறுகிறது. "அம்மனுக்கே புழு ஆகல ஆயா, சாக்கடை நாலாவுல கொட்டு" என்கிறாள் எதிர்வீட்டு வடிவு. ஆடி கழியட்டும் என்று தவணை வாங்கியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பாப்பம்மா ஆயா


நாக்பூர்,
3.8.2007

அன்புள்ள ஆயா,

முதலில் சிரித்தேன், பிறகு பயந்தேன். டில்லியில் நான் வைத்த மற்றத் தொட்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. உங்கள் சந்துத் தொட்டியைக் காட்டித்தான் இங்கே புதியவர்களிடம் பேசுகிறேன். அதுவும் போனால் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

வேப்பிலை புழுவுக்கு ஆகாது. அந்தப் புழு கறுப்பு ஈயின் குஞ்சுதான்; புகை அந்த ஈயையும் விரட்டும். அம்மன் மேல் குற்றமில்லை; முன்பே சொல்லாதது நான்தான். தொட்டியைக் கழுவி நிழலில் வையுங்கள். அழுகிய மாம்பழத் தோல் போட்டு, மேலே அட்டைத் துண்டுகளை அடுக்குங்கள். மழைக்காலம்தானே, கறுப்பு ஈ தானாக வந்து அட்டை இடுக்கில் முட்டையிடும். வடிவக்காவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சுஜாதா


டில்லி,
20.8.2007

என் தங்கமான சுஜாதாவுக்கு,

புழு வந்துவிட்டது!

ஆடி முடிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வடிவு தொட்டியை நாலாவில் கொட்டத் தூக்கிவிட்டாள். அட்டையை எடுத்து வீசப்போனவள், "ஆயா, குட்டிக் குட்டியா நெளியுது, ஜல்தி வா!" என்று கத்தினாள். பிரசவம் பார்க்க வந்ததுபோல் சந்தே கூடிவிட்டது. "என் கோழிங்களுக்கு ஆடி விரதம் முடிஞ்சுது" என்கிறார் இஸ்மாயில் பாய்.

இப்போது தொட்டிக்கு வெளிப்பக்கம் ஒரு குங்குமப் பொட்டு மட்டும்தான். வேப்பிலை சந்து வாசலோடு சரி. பக்கத்துச் சந்து பிகாரிப் பெண்களுக்கு வடிவுதான் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடமே "நீம் மத் டாலோ", வேப்பிலை போடாதே என்பதுதான். இந்த மழைக்கு ஒரு பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

"உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்?" என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள். காட்டலாம் என்றால், கூரை ஒழுகி உன் படத்தில் முகம் போய்விட்டது; கையில் அள்ளிய புழு மட்டும் பளிச்சென்று நிற்கிறது. மதன், சிந்து, சின்னவன் படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாகிவிட்டது. புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் பாப்பம்மா ஆயா