வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

உடையார்பாளையத்தைத் தாண்டும்போது முந்திரிக்கொட்டை சுடும் புகை பேருந்துக்குள் வந்து தொண்டையைக் கமறவைத்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது.

அப்பா சோற்றில் விஷம் வைக்கிறார் என்று நம்பி, நோயின் உச்சத்தில் அவரை வெட்டிக் கொன்றவனின் நினைவும் கூடவே வந்தது. சித்தம் கலங்கிய நிலையில் செய்தது என்று நீதிமன்றம் அவனை நம் மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து உண்டா என்று மருத்துவர்களான நம் இருவரிடமும் கருத்துக் கேட்டார்கள்.

எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். அதட்டினாலும் சிரித்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு, கேட்காமலே வாயைத் திறந்து காட்டினான். இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருப்பானா? ஆனால் அண்ணன் கொண்டுவரும் வறுத்த முந்திரியை மட்டும் தொடமாட்டான்.

"விஷ பயம் இன்னும் போகலடி," என்றேன்.

நீயோ அண்ணனைக் கவனித்துக்கொண்டிருந்தாய். "தம்பிய அனுப்பிடுங்கன்னு வர்றப்பல்லாம் கும்புடுறாரு. என்ன மாத்திரை குடுக்கணும்னு ஒரு தடவையாச்சும் கேட்டாரா?"

அவனைத் தனியே உட்காரவைத்து விசாரித்தாய். தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அது பழைய பயம் இல்லீங்கம்மா. மத்தவங்க குடுத்தா திங்கறேன்ல. அண்ணன் இன்னும் அப்பாவ மறக்கலீங்க. எப்படிங்க மறக்கும்?"

சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் ஊருக்குப் போனோம். முந்திரித் தோப்புக்குள் வீடு. அதன் பின்னால் புதிதாகக் கட்டிய ஓர் அறை. சன்னல் இல்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே சுவரில் ஓர் இரும்பு வளையம்.

"வேணாம்னு சொன்னேங்க, கேக்கல," என்றாள் அண்ணனின் மனைவி.

தோப்பிலிருந்து ஓடிவந்த அண்ணன், ஆடு கட்டுவதற்கு என்றார். நீ அந்த இரும்பு வளையத்தை இழுத்துப் பார்த்தாய். அவர் குரல் உடைந்தது.

"எங்கப்பாவ வெட்டுனவன் காத்தாட நடமாடணுமா? அவன் எப்படி இருக்கான், அவன் எப்படி இருக்கான்னே கேக்குறீங்க. நான் எப்படி இருக்கேன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"கேக்கலதான். இப்ப சொல்லுங்க," என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தாய். பொழுது சாயும்வரை அவர் பேசினார்.

அவனை அனுப்பலாம், அந்த வீட்டுக்கு அல்ல என்று எழுதினோம். அரும்பாவூரில் இருந்த அவர்கள் அக்கா பொறுப்பேற்றார். இன்றும் அவன் தவறாமல் மாத்திரை வாங்க வருகிறான். அண்ணனும் கொஞ்ச காலம் உன்னிடம் வந்து பேசிவிட்டுப் போனார். உன் சாவுக்கும் வந்தார். உள்ளே வராமல் தெருவில் நின்றே அழுதார்.

நீ போய்விட்டாய். உன் சந்தேகம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நோயாளியைவிட, அழைத்துப்போக வருபவரின் முகத்தைத்தான் இப்போது அதிக நேரம் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு தாய் தன் மகனைக் கேட்டு வந்தார்.

"அவரை எங்கம்மா படுக்க வைப்பீங்க?" என்றேன்.

"எம் பக்கத்துலதாம்மா. வேற எங்க?"

நம்பினேன். ஆனாலும் அவர் வீட்டுக்கு நேரில் போய், பக்கத்தில் பக்கத்தில் விரித்திருந்த இரண்டு பாய்களையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.