வரி மறந்த இடம்

மார்ச் 3

உருண்டை, என் மகனே, அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். முன்பக்கம் ஊராரின் இடுப்பளவு, பின்பக்கம் நீ. காய்ச்சல் என்று படுத்து, ஆறாம் நாள் நீ போய் எட்டு மாதம்.

உன் டிரம்ஸ்காரன் இன்று தையல் கடைக்கு வந்து, உங்கள் ராக் குழுவின் ரசிகர்கள் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப்பில் என்னையும் சேர்த்துவிட்டான். "படிங்கம்மா, பதில் மட்டும் போட்றாதீங்க" என்றான். ஐந்தாம் வகுப்புக்காரி எண்ணூறு பேருக்கு என்ன பதில் போடப் போகிறேன்?

மார்ச் 5

அங்கே போர்தான் நடக்கிறது. நீ பாடிய இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள் அல்லவா, அதுதான். ஒருவர் "இது ராக் இல்ல, தாலாட்டு" என்கிறார். இன்னொருவர் "தூங்குமூஞ்சிக்கு எது கேட்டாலும் தாலாட்டுதான்" என்கிறார். ஆள் மாறினால் குழுவின் பேரையும் மாற்று என்று ஒரு கட்சி. ஒருவர் வெளியேறுகிறேன் என்று மூன்று முறை எழுதிவிட்டார். இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறார்.

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த சண்டை வந்துவிடுகிறது. டீ ஆறிவிட்டது.

மார்ச் 9

இன்று முழுக்க உன் உறுமல். 'கடைசி பஸ்' பாட்டில் மூன்றாவது சரணத்தில் உறுமுவாயே, அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு கிடாரை மட்டும் ஓட விடுகிறாளாம். "அந்த உறுமல்தான் குழுவோட உயிர். அது உலகத்து மேல அவனுக்கிருந்த கோபம்" என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

கோபமா? உனக்கா?

மார்ச் 10

மானம் போச்சு. டிரம்ஸ்காரனுக்கு மட்டும் பேசி அனுப்புவதாக நினைத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். "உறுமலும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. அந்த எடத்துல அவனுக்கு வரி மறந்துரும். பள்ளிக்கூடத்துல செய்யுள் மறந்தாலும் இப்படித்தான் கர்ருன்னு கத்திச் சமாளிப்பான்."

ஒருவர் பதில் போட்டார்: "அம்மா மேல மரியாதை உண்டு. ஆனா அம்மாவுக்கு ராக் தெரியாது."

எண்பது பேர் அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 14

விளையாட்டு இல்லை, உருண்டை. முப்பதாம் தேதி கச்சேரி. உறுமல் வராவிட்டால் கூச்சல் போட்டு இறக்குவோம் என்கிறார்கள். அந்தப் பெண் விலகிக்கொள்கிறேன் என்கிறாளாம். "அவளும் போயிட்டா கலைச்சிருவோம்மா. இன்னொரு தடவை ஆள் தேட எங்களுக்குத் தெம்பில்ல" என்றான் டிரம்ஸ்காரன்.

கலைச்சிட்டா? உன் பாட்ட அப்புறம் யாருடா பாடுவா — நானா? மெஷின் சத்தம் மட்டும் கேக்குற வீட்டுல நான் எப்படிடா இருப்பேன்.

மார்ச் 15

அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். எட்டு மாதமாகத் தொடாத உன் மேடைக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

மார்ச் 17

வந்தாள். ஒல்லிக்குச்சி, உருண்டை என்று கூப்பிட்டும் உருளாத உன்னை மாதிரியே.

"திட்டத்தான் கூப்பிட்டீங்களாம்மா?"

"கையத் தூக்கு, அளவெடுக்கணும்" என்றேன்.

தோளில் இரண்டு விரற்கடை பிடிக்க வேண்டும். தையலைப் பிரிப்பதற்கு முன் பைகளை வெளியே இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். உள்பையில் என் கடைச் சீட்டு ஒன்று, எட்டாய் மடித்து. அதன் பின்னால் உன் கோழிக் கிறுக்கல். எனக்குப் படிக்க முடியவில்லை. எழுத்தாலா கண்ணாலா தெரியவில்லை. அவள்தான் படித்தாள். மேலே 'கடைசி பஸ், மூணாவது சரணம்' என்று போட்டு, நீ மறக்கும் அதே வரி.

"கிழிஞ்சதெல்லாம் தச்ச கை, என்ன மட்டும் பறக்க விட்டுச்சு."

சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

"பாடட்டுமாம்மா?"

"மொதல்ல ஆடாம நில்லு. குண்டூசி குத்திரும்."

மார்ச் 31

நேற்று போனேன். வழக்கம்போல முதல் வரிசை, கம்பியைப் பிடித்துக்கொண்டு. கோட்டு அவளுக்கு அளவாக இருந்தது. மூன்றாவது சரணம் வந்ததும் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தே அந்த வரியைப் பாடினாள். டிரம்ஸ்காரன் ஓர் அடியைத் தவறவிட்டான். அப்புறம் கூட்டம் உறுமியது பார், நீ கூட அப்படி உறுமியதில்லை.

பக்கத்தில் ஒரு தாடிக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "மூணு தடவை வெளியேறினவன் நான்தாம்மா" என்றார்.

"வந்தது வந்துட்டீங்க, கம்பியப் பிடிச்சுக்கங்க" என்றேன்.

ஏப்ரல் 2

இப்போது உறுமல் கட்சி, வரிக் கட்சி என்று இரண்டு. அடித்துக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் அடுத்த கச்சேரி, அவள்தான் பாடுகிறாள். கோட்டுக் கை மட்டும் கொஞ்சம் நீளமாம். நாளை கொண்டு வருகிறாள்.

அந்தச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பெல்லாம் தேய்ந்து, வியர்வையில் மை பரவி. ஒவ்வொரு கச்சேரிக்கும் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறாய். நானும் ஒவ்வொரு கச்சேரிக்கும் உனக்கு நேர் எதிரேதான் நின்றேன்.

உருண்டை, நெசமாவே உனக்கு வரி மறந்துச்சா, இல்ல என் மூஞ்சியப் பாத்துப் பாட வெக்கமா இருந்துச்சா?